ஊரார் பிள்ளைக்குக் கைத்தொழில்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கூட்டம் நடந்தது. தேசத்துக்குத் தேவை தொழிற்கல்வியே என்பது அன்றையப் பேச்சின் பொருள், பேசியவன் அடியேன். இருபது வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற வகுப்பில் பேசிப் பழகிய ஒருவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டால் கேட்கவேண்டுமா? முக்கால் மணி நேரம் பிளந்து கட்டிவிட்டேன். பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். குழாயில் நீர் ஒழுகினால் அதை நிறுத்த ஓர் ஆள் கிடைக்காமல், மூன்று நாள் வாளி வைத்துப் பிடிக்கும் குடும்பங்களின் அவதியைச் சொன்னேன். சபையோர் சிரித்தார்கள், கை தட்டினார்கள். முடிவில், தொழிற் பயிற்சி நிலையங்களை சர்க்கார் இன்னும் ஏராளமாகத் திறக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். அது ஏகமனதாக நிறைவேறிற்று.

வெறும் தீர்மானத்தோடு விடக்கூடாதென்று நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பக்கத்துப் பட்டணத்தில் சர்க்கார் தொழிற் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஐ.டி.ஐ. என்று சொன்னால்தான் எல்லாருக்கும் விளங்கும். அங்கே என்னென்ன தொழில்கள் கற்பிக்கிறார்கள், எத்தனை வருஷம், எப்படி விண்ணப்பிப்பது என்ற விவரங்களை அச்சடித்து 60 துண்டுப் பிரசுரங்கள் தயாராக வைத்திருந்தேன். வாசலில் ஒரு முக்காலியின் மேல் அவற்றை அடுக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தும் விட்டேன். கூட்டம் கலைந்தபின் எண்ணிப் பார்த்தேன். 56 பாக்கி! போன நாலில் ஒன்று, வெளியே விற்ற சுண்டலுக்குப் பொட்டலமாகியிருந்ததை என் கண்ணாலேயே கண்டேன்.

பிரசுரங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்ட சமயத்தில், எங்கள் ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அருகில் வந்தார். அவருடைய இளைய மகன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன்.

"ஸார் பேச்சு ரொம்ப நன்றாயிருந்தது. ஒரு சந்தேகம், கேட்கலாமா?" என்றார்.

"தாராளமாகக் கேளுங்கள்" என்றேன்.

"என் பாட்டனார் உளி பிடித்தார், தகப்பனார் பிடித்தார், நானும் பிடிக்கிறேன். தொழிலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் இந்த ஊரில் முந்நூறு வீட்டுக்கு நான் நாற்காலி செய்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு நாற்காலியிலாவது என்னை உட்காரச் சொன்னவர்கள் ரொம்பக் கொஞ்சம். என் பையனாவது உட்காரட்டுமே என்று நினைக்கிறேன். அது தப்பா?"

தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வெகு மரியாதையாக இரண்டாவது கேள்வியைப் போட்டார்: "ஸார் பிள்ளையும் இந்த வருஷம் பத்தாவது பாஸ்தானே? அவனை இதில் சேர்க்கப் போகிறீர்களா?"

"யோசிக்க வேண்டும்" என்றேன். முக்கால் மணி நேரம் பேசியவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

அந்தத் தச்சர் எங்கள் வீட்டுக்கும் வேலைக்கு வந்திருக்கிறார். அவரை நான் உட்காரச் சொன்னேனா என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே நடந்தேன். ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததே பதிலல்லவா?

* * *

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது முன்னோர் வாக்கு. தொழிற்கல்வி விஷயத்தில் நாம் இதைச் சற்றுத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரார் பிள்ளைக்கு உளி, நம் பிள்ளைக்குப் பேனா என்பதே நாம் அநுசரிக்கும் பழமொழி. இது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நம் தேசத்தில் தொழிற்கல்வியின் சரித்திரத்தைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் இதுவேதான் எழுதியிருக்கிறது.

1882-ஆம் வருஷத்தில் வில்லியம் ஹண்டரின் தலைமையில் ஒரு கல்விக் கமிஷன் கூடிற்று. உயர்தரப் பள்ளிகளில் எல்லாரும் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சை ஒன்றுக்கே படிக்கிறார்கள். அதற்குப் பதில் இரண்டு பாதைகள் வேண்டும் என்று அந்தக் கமிஷன் சொல்லிற்று. ஒன்று சர்வகலாசாலைக்குப் போவது. மற்றொன்று வியாபாரம், தொழில் முதலியவற்றுக்குப் போவது. காகிதத்தில் பாதை இரண்டாயிற்று. ஜனங்களோ பெரும்பாலும் பழைய பாதையிலேயே நடந்தார்கள். காரணம் வெகு எளிது. பழைய பாதையின் கோடியில் சர்க்கார் உத்தியோகம் தெரிந்தது. புதிய பாதையின் கோடியில் என்ன இருக்கிறதென்று கமிஷனாலும் சொல்ல முடியவில்லை. நாட்டில் தொழிற்சாலைகளே சொற்பமாக இருந்த காலம் அது.

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் ஒரு கல்வி மகாநாடு நடந்தது. அதன் முடிவுகளை ஒட்டி டாக்டர் ஜாகிர் ஹுசேனைத் தலைவராகக் கொண்ட கமிட்டி ஒரு திட்டம் வகுத்தது. ஏழு வருஷம் இலவசமாகவும் கட்டாயமாகவும் தாய்மொழியில் கல்வி. ஏதாவது ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கு, சரித்திரம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் அதன் வழியாகவே போதிப்பது. மூளைக்கு ஒரு ஜாதி, கைக்கு ஒரு ஜாதி என்று பிரித்துவைத்த தேசத்தில் எல்லாப் பிள்ளைகளும் ராட்டையும் தக்ளியும் பிடிக்கவேண்டும் என்று சொன்னது சாதாரண விஷயமல்ல. அந்த 'எல்லாப் பிள்ளைகளும்' என்ற சொல்லில்தான் திட்டத்தின் உயிர் இருந்தது. நடைமுறையில் முதலில் நழுவிப் போனதும் அந்தச் சொல்தான். என் தகப்பனார் சுதந்திரத்துக்குப் பிறகு ஆதாரப் பள்ளி ஒன்றில் படித்தவர். உபாத்தியாயர் நூற்கச் சொன்னார், நூற்றோம் என்பார். ஆனால் அந்தப் பள்ளியைப் பார்வையிட வந்து பாராட்டிப் பேசிய உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகள் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போனதையும் சேர்த்தே சொல்லுவார்.

1953-இல் சென்னை ராஜ்யத்தில் நடந்தது எல்லாரும் அறிந்ததே. முதல் மந்திரி ராஜாஜி கிராமப் பகுதிகளின் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு மாறுதல் திட்டம் கொண்டுவந்தார். பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் பாடம். மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டியது. கட்டடமும் உபாத்தியாயர்களும் போதாத நிலையில் இவ்வாறு முறை வைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது சர்க்கார் தரப்பின் வாதம். ஜனங்கள் பார்த்ததோ வேறு. சலவைத் தொழிலாளியின் பிள்ளை சலவைக்கும், சவரத் தொழிலாளியின் பிள்ளை சவரத்துக்கும் திரும்பிப் போகவேண்டும் என்று சட்டம் போட்டதுபோல் அவர்களுக்குத் தோன்றிற்று. 'குலக் கல்வி' என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜ் திட்டத்தைக் கைவிட்டார். அன்று முதல் நம் ராஜ்யத்தில் தொழிற்கல்வி என்று யார் வாயைத் திறந்தாலும், "யாருடைய பிள்ளைக்கு?" என்ற கேள்வி சபையில் எழாமல் இருப்பதில்லை. எழுவதுதான் நியாயம். எங்கள் தச்சர் என்னைக் கேட்டதும் அதே கேள்விதானே?

பிறகு டாக்டர் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஒரு கமிஷன் நடந்தது. மேல்நிலை வகுப்புகளில் சேர்பவர்களில் பாதிப் பேர் தொழிற் பிரிவுக்கு வரவேண்டும் என்றது அது. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை அந்தப் பாதியைக் குறைத்துக்கொண்டு, 1990-க்குள் நூற்றுக்குப் பத்து, 1995-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து என்று குறி வைத்தது. இருபத்தைந்து கிடக்கட்டும், பத்தைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்டபோது தொழிற் பிரிவும் கூடவே வந்தது. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு மைதானத்தின் கோடியில், ஓடு போட்ட ஒரு கூடத்தில் நடந்தது. மதிப்பெண் அதிகம் பெற்ற பிள்ளைகளை விஞ்ஞானப் பிரிவுக்கும், நடுத்தரமானவர்களை வணிகப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சியவர்களை அந்தக் கூடத்துக்குத் தள்ளுவோம். தள்ளினவர்களில் நானும் ஒருவன். "படிப்பு வராதவனுக்குத் தொழில்" என்று பெற்றோரிடம் சொல்லியும் இருக்கிறேன். தொழிலைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அதை ஏன் யாரும் விரும்பவில்லை என்று பின்னால் ஒலிபெருக்கியில் அங்கலாய்த்தால் என்ன பிரயோஜனம்?

* * *

ஜனங்களுக்குக் கைவேலையில் அருவருப்பு, நாற்காலி மோகம், அதனால்தான் இந்தத் திட்டங்கள் தோற்றன என்று பலர் சொல்லுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வேறொரு தேசத்தின் அநுபவத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நாடு, 1957-இல் விடுதலை அடைந்து கானா என்ற பெயர் பெற்றது. அங்கும் சுமார் நூறு வருஷமாக இதே புலம்பல்தான். விவசாயமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் திறந்தார்கள். ஜனங்களோ ஏட்டுப் படிப்புப் பள்ளிகளுக்கே பிள்ளைகளை அனுப்பினார்கள். பிலிப் பாஸ்டர் என்ற கல்வி ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து 1965-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெற்றோர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை, நன்றாகக் கணக்குப் பார்த்தே செய்தார்கள் என்பது அவருடைய முடிவு. குமாஸ்தா வேலையில் சம்பளம் அதிகம், அது நிலையானது, அதிலிருந்து மேலே ஏறவும் படி உண்டு. ஆகவே, அந்த ஜனங்களின் கணக்கில் ஏட்டுப் படிப்பே உண்மையான தொழிற்கல்வி! வெளியே உள்ள உத்தியோகங்களின் நிலையை மாற்றாமல், பள்ளிக்கூடத்தின் பாடத்தை மாத்திரம் மாற்றி ஜனங்களின் மனத்தை மாற்றிவிட முடியாது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

இதற்காகக் கானா வரையில் கூடப் போகவேண்டியதில்லை. நம் ஊர்க் கடைத்தெருவிலேயே அத்தாட்சி இருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மறந்துவிட்டோமா? குறுகிய மாடிப்படி, மேலே நீளமான ஒரு கூடம், வரிசையாகப் பதினைந்து யந்திரங்கள். காலை ஆறு மணிக்கே அங்கிருந்து கல்மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும். பள்ளியை முடித்த பிள்ளைகளும் பெண்களும் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு மணி, வந்தபின் ஒரு மணி என்று போய் விரல் நோகத் தட்டினார்கள். 'லோயர்' பாஸ் செய்து, 'ஹையர்' பாஸ் செய்து, சுருக்கெழுத்தும் கற்றார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சிக்கூடம் இல்லாத சிறு பட்டணம் ஏது? இதற்காக எந்த மந்திரியும் பிரசாரம் செய்யவில்லை. எந்த உபாத்தியாயரும் முக்கால் மணி நேரம் பேசவில்லை. தகப்பனார்கள் தங்கள் சொந்தக் காசைக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். என் தமக்கை அப்படிக் கற்றுத்தான் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தராகச் சேர்ந்தாள். எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது; ஜனங்கள் அதே மாடிப்படியில் ஏறி அதையும் கற்றார்கள்.

பத்து விரலாலும் செய்யும் வேலையைவிடக் கைத்தொழில் வேறு எது? அதைக் கற்க ஒருவரும் தயங்கவில்லையே! பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் திருச்சி பாய்லர் ஆலையிலும் பயிற்சி பெற்றால் நிலையான வேலை நிச்சயம் என்றிருந்த நாட்களில், அந்த இடங்களுக்கு எவ்வளவு போட்டி! எண்ணெயும் கரியும் படிந்த சட்டையைப் பற்றி அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. தொழிற்கல்விக்கு நம்மிடையே கிராக்கி இல்லை என்பது தவறான பேச்சு. பாதையின் கோடியில் உட்கார ஓர் இடம் தெரிந்தால், ஜனங்கள் சொல்லாமலே நடப்பார்கள்.

* * *

இப்போது நிலைமை எப்படி? நம் தேசத்தில் 19 முதல் 24 வயது வரையுள்ள தொழிலாளர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மதிப்பிட்டது. ஜெர்மனியில் 75 என்றும், தென் கொரியாவில் 96 என்றும் அதே இடத்தில் கணக்குச் சொல்லியிருந்தது. 2020-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கை இந்த எண்களை எடுத்துக் காட்டி, 2025-க்குள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வியின் பரிச்சயம் இருக்கவேண்டும் என்றது. கோத்தாரி கமிஷனின் 'பாதி' மீண்டும் வந்துவிட்டது!

மறு பக்கம், தமிழ்நாட்டில் கல்லூரி வயதுள்ளவர்களின் தொகைக்கு நூற்றுக்கு 47 என்ற விகிதத்தில் உயர்கல்விச் சேர்க்கை இருந்ததாக 2021-22-ஆம் வருஷத்து சர்க்கார் கணக்குக் கூறிற்று. தேசம் முழுவதற்கும் அந்த விகிதம் 28 தான். இது நாம் பெருமைப்படவேண்டிய விஷயம். ஆனால் பட்டம் கைக்கு வந்தபின்? சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவின் இளம் பட்டதாரிகளில் நூற்றுக்கு 29 பேர் வேலையற்றிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிலோ நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கும் குறைவே. இதைக் கொண்டு, படிக்காமலிருப்பதே மேல் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. படிக்காதவன் வேலையில்லாமல் ஒரு நாள் இருந்தால் அன்றே பட்டினி. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான். பட்டதாரி, தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். காத்திருக்க அவன் வீட்டில் கொஞ்சம் சோறு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐ.டி.ஐ.க்களில் நடைபெறும் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. இன்று தேசம் முழுவதும் அத்தகைய நிலையங்கள் சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. முக்கால் பங்குக்கு மேல் தனியாருடையவை. எண்ணிக்கையில் குறைவில்லை. சிலவற்றில் யந்திரம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வேறு சிலவற்றில் ஆளிருக்கிறார், யந்திரமோ அவர் இளம் வயதில் கற்ற அதே யந்திரம். இந்தக் குறையைப் போக்கத் தமிழ்நாட்டில் 71 சர்க்கார் நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்தார்கள். அவை புது யந்திரங்களோடு திறக்கப்பட்டன. அது நல்ல காரியம்.

ஆனால் அதைவிட முக்கியமானவை இரண்டு உண்டு. முதலாவது, மேலே ஏறும் படி. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷப் பயிற்சி முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமா பெற்றவன் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இந்தப் படி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரிவதில்லை. நான் அச்சடித்த பிரசுரத்தில்கூட அதைக் கடைசி வரியில், பொடி எழுத்தில்தான் போட்டிருந்தேன்! முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கவேண்டிய சங்கதி. ஜெர்மனியில் 2009 முதல், தன் தொழிலில் 'மாஸ்டர்' பட்டம் பெற்றவருக்கு சர்வகலாசாலையின் கதவும் திறந்திருக்கிறது. தொழில் கற்றதனால் படிப்பின் கதவு மூடிவிடாது என்று தெரிந்தால், கணக்குப் பார்க்கும் பெற்றோரின் கணக்கே மாறிவிடும்.

இரண்டாவது, கூலி. தொழிற்சாலைகளில் பயிற்சி அளிக்க 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பயிற்சி என்ற பெயரால் ஒரு வருஷம் சொற்ப உதவிப் பணத்துக்கு முழு வேலை வாங்கிக்கொண்டு, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அடுத்த அப்ரண்டிஸை நிறுத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள். கைதேர்ந்த ஆள் கிடைக்கவில்லை என்று அவர்களே மகாநாடுகளில் குறைப்படுவதும் உண்டு. கைதேர்ந்தவனுக்குக் கைதேர்ந்தவனின் கூலி கொடுத்துப் பார்த்தார்களா? கத்தரிக்காய் விலை ஏறினால் அடுத்த பருவத்தில் எல்லாரும் கத்தரி போடுவதில்லையா? பிள்ளைகளின் படிப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

* * *

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தச்சரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையல்லவா?

என் மகன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 391 வாங்கினான். மோசமென்று சொல்லமுடியாது. ஆனால் புத்தகத்தோடு அவனுக்கு இருப்பது மரியாதை. மோட்டாரோடு இருப்பதுதான் சிநேகம். மூன்றாம் வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டுத் தண்ணீர் பம்பு எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். நான் கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று இரவு, பையில் இருந்த பிரசுரங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் நான் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான்.

சுருக்கென்றது. மேடையில் பேசியபோது என் மனக்கண் முன் இருந்த பிள்ளைகளில் இவன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "அதெல்லாம் உனக்கு எதற்கு? நீ விஞ்ஞானப் பிரிவில் சேரப் போகிறவன்" என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் என்னை ஆதரிப்பாள் என்று நினைத்தேன். "ஏன், காலையில் ஊருக்கெல்லாம் நல்லதென்று சொன்னது ராத்திரி நமக்கு மாத்திரம் ஆகாதா?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அங்கே போனால் அதோடு படிப்பு நின்றுவிடுமா, மேலே போக வழி உண்டா, அதை மாத்திரம் விசாரித்துச் சொல்லுங்கள்" என்றாள். கமிஷன்கள் வருஷக்கணக்கில் தேடியதை அவள் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டாள்.

மறுநாள் மகனை அழைத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனேன். இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளை அங்கே போகச் சொல்லியிருக்கிறேன். நான் உள்ளே கால் வைத்தது அதுவே முதல் தடவை. பிட்டர் பிரிவில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். துண்டு சரியான சதுரமாக வரவேண்டும். ஒரு பையன் தன் துண்டின் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே நூலிழை போல வெளிச்சம் தெரிந்தது. பயிற்றுநர் தலையை அசைத்தார். பையன் பேசாமல் மறுபடி ராவத் தொடங்கினான். நாலு நாளாக அதே துண்டாம்! என் வகுப்பில் ஒரு கணக்குத் தப்பானால் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். இங்கே அந்த வெளிச்சம் மறையும் வரையில் விடுவதில்லை. படிப்பு வராதவனுக்குத் தொழில் என்று சொன்னேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

பயிற்றுநர் ஒளிவு மறைவில்லாத மனிதர். முன் வருஷங்களில் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிலர் டிப்ளமாவுக்குப் போனார்கள், சிலர் நல்ல ஆலைகளில் நிலைத்துவிட்டார்கள், ஒருவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்து இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான் என்றார். "இன்னும் பலர் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் இருக்கிறார்கள், ஸார். அதையும் சொல்லிவிட வேண்டும்" என்றார். இரண்டையும் மனைவியிடம் அப்படியே சொன்னேன். மூன்று நாள் வீட்டில் விவாதம் நடந்தது. ஐ.டி.ஐ.யில் சேருவது, முடித்தவுடன் கூலிக்கு ஓடாமல் டிப்ளமாவுக்குப் போவது என்று தாயும் மகனும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். எனக்கு அதில் கையெழுத்துப் போடும் வேலைதான்.

அது சரியான முடிவுதானா? இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். என் மைத்துனர் இப்போதே டெலிபோனில் துக்கம் விசாரித்துவிட்டார்.

போன வாரம் காப்பிக் கடையில் தச்சரைக் கண்டேன். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார். தம் மகனை வணிகப் பிரிவில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நல்லதென்றேன். மனதாரவே சொன்னேன், அவன் உட்காரவேண்டும் என்று அவர் ஆசைப்படுவதைத் தடுக்க நான் யார்? பிறகு அவர் என் மகனைப் பற்றிக் கேட்டார்.

"பிட்டர் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்றேன்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நிஜமாகவா, ஸார்?" என்றார். பிறகு, "என் தமையன் மகன் ஒருவன் இருக்கிறான். அன்றைக்கு வாசலில் வைத்திருந்தீர்களே ஒரு தாள், அது இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பையிலிருந்து ஒன்றை எடுத்து, கடைசி வரியில் இருந்த பொடி எழுத்தைப் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். வீட்டில் ஒன்று, அவரிடம் ஒன்று. பாக்கி 54.